போருக்குப் பின் – 12: மைதானத்துக்கு வந்த நீதிமன்றம்

சென்ற வாரம் நியூயார்க்கில் நிறுத்தியிருந்தோம். 1970 டிசம்பர். வியட்நாமிலிருந்து திரும்பி, அந்தப் போரையே எதிர்த்து நின்ற முன்னாள் வீரர்கள் சிலர் வட்டமாக உட்கார்ந்து, அங்கே கண்டதையும் செய்ததையும் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினார்கள். ராபர்ட் ஜே லிஃப்டன், ஹைம் ஷாடன் என்ற இரண்டு மனநல மருத்துவர்களும் உடன் இருந்தார்கள். மருத்துவர் என்ற மேல்நிலையில் உட்காராமல் சமமாக உட்கார வேண்டும் என்பது வீரர்கள் போட்ட நிபந்தனை.

அந்த வட்டத்திலிருந்து இரண்டு விஷயங்கள் பிறந்தன. 1979இல், மருத்துவமனை வாடையே இல்லாமல் கடைத்தெருவில் இயங்கும் ‘வெட் சென்டர்’ என்ற ஆலோசனை மையங்களை அரசு திறந்தது. அப்போது முன்னாள் படைவீரர் துறைக்குத் தலைவராக இருந்தவர் மேக்ஸ் கிளிலேண்ட். வியட்நாமில் இரண்டு கால்களையும் வலது கையையும் இழந்தவர். அடுத்த ஆண்டே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில், போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் மனதைத் தொடரும் பாதிப்புக்கு, பி.டி.எஸ்.டி. என்ற பெயர் ஏறியது.

நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. போய் உட்கார்ந்து பேச இடமும் கிடைத்துவிட்டது. 1982 நவம்பரில் வாஷிங்டனில், இறந்தவர்களின் பெயர் பொறித்த கறுப்புக் கல் சுவரும் எழுந்துவிட்டது.

ஆனால் உயிரோடு திரும்பியவர்களில் பலர் அந்த ஆண்டுகளில்தான் நடைபாதைக்கு வந்து சேர்ந்தார்கள். ஏன்?

* * *

கலிஃபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, சான் டியேகோ இருக்கிறது. கடற்படையால் வளர்ந்த ஊர். துறைமுகத்தில் போர்க்கப்பல்கள். வடக்கே கொஞ்ச தூரத்தில் மரைன் படையின் கேம்ப் பெண்டில்டன். வியட்நாமுக்குப் போன எத்தனையோ பேருக்கு அமெரிக்க மண்ணில் கடைசியாகக் கால் வைத்த இடம் இந்தப் பகுதிதான். திரும்பி வந்து முதலில் கால் வைத்ததும் இங்கேதான்.

வருடம் முழுக்க இதமான வெயில். பனி கிடையாது. வெளியே படுத்தாலும் உயிர் பிழைக்கலாம். வேலை போனவர்களும் குடும்பம் உடைந்தவர்களும் இந்த ஊருக்கு வந்து தங்கிவிட அதுவும் ஒரு காரணம்.

எண்பதுகளில் அமெரிக்க நகரங்கள் எல்லாமே மாறிக்கொண்டிருந்தன. 1981, 82இல் கடுமையான பொருளாதாரத் தேக்கம். தனியாள் ஒருவர் நாள் வாடகைக்குத் தங்கக்கூடிய மலிவு விடுதிகள் நகர மையங்களிலிருந்து மறைந்துகொண்டிருந்தன. சான் டியேகோவிலும், மாலுமிகள் சுற்றித் திரிந்த பழைய நகர மையத்தில் 1985இல் ஹார்ட்டன் பிளாசா என்ற பெரிய வணிக வளாகம் திறந்தது. நகரம் பளபளப்பானது. கையில் காசில்லாதவன் ஒதுங்க அங்கே இருந்த மூலைகள் குறைந்தன.

1987இல் நாடாளுமன்றம் மெக்கின்னி சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியது. வீடற்றவர்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த முதல் பெரிய சட்டம் அது. அந்த அளவுக்குத் தெருவில் ஆட்கள் பெருகியிருந்தார்கள். அவர்களில் முன்னாள் படைவீரர்களும் திரளாக இருந்தார்கள்.

* * *

இங்கே கொஞ்சம் நின்று, ஒரு காரணத்தைப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல், 1988இல் சான் டியேகோவில் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய பெரும்பாலானோர் கப்பலில் வந்தார்கள். பல நாள் பயணம். சுற்றிலும் போரைப் பார்த்த மனிதர்கள். பேசினார்கள், அழுதார்கள், சீட்டாடினார்கள். ஊர் வந்து சேர்வதற்குள் மனசு கொஞ்சமாவது இறங்கியிருந்தது.

வியட்நாமில் முறை வேறு. ராணுவத்தில் ஆளுக்கு 12 மாதம், மரைன் படையில் 13 மாதம். ஒவ்வொருவருக்கும் தனித் தேதி. தன் நாள் வந்ததும் அவன் மட்டும் படைப்பிரிவை விட்டுக் கிளம்புவான். தோழர்கள் அங்கேயே சண்டையில் இருப்பார்கள். விமானம் ஏறினால் ஓரிரு நாளில் வீடு. முந்தாநாள் துப்பாக்கியோடு காவல் இருந்தவன் இன்று அம்மாவின் சமையலறையில் உட்கார்ந்திருப்பான். என்ன பேசுவது, யாரிடம் பேசுவது?

சுமார் 27 லட்சம் அமெரிக்கர்கள் வியட்நாமில் பணியாற்றினார்கள். இவர்களில் பெரும்பாலானோர் இப்படித் தனித்தனியாகத்தான் திரும்பினார்கள். நாடாளுமன்றம் 1983இல் ஆணையிட்ட பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 1988இல் வந்தது. வியட்நாம் பகுதியில் பணியாற்றிய ஆண்களில் 15.2 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 4,79,000 பேருக்கு, அந்த நேரத்தில் பி.டி.எஸ்.டி. இருந்தது என்று அது சொன்னது. அமெரிக்கப் படைகள் வியட்நாமை விட்டு வெளியேறிப் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு கிடைத்த கணக்கு இது.

படையை விட்டுத் தனியாகப் பிரிந்தவன், தெருவிலும் தனியாகவே கிடந்தான். அவன் இழந்தவற்றில் வீடு கடைசி. முதலில் இழந்தது தன் பிரிவை. இதை மருத்துவர்களை விட, அதிகாரிகளை விட, அவனைப் போலவே அங்கே போய் வந்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

* * *

சான் டியேகோவில் வியட்நாம் வீரர்கள் சிலர் 1981லேயே தங்களுக்கென்று ஓர் உதவி அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். அதைச் சுற்றி இயங்கிய வட்டத்தில் இரண்டு பேரை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ராபர்ட் வான் கியூரென். மற்றவர் உளவியலாளர் ஜான் நாச்சிசன். இருவருமே வியட்நாம் வீரர்கள்.

அவர்கள் யோசித்ததை எளிமையாகச் சொல்லலாம். வியட்நாமில், தொடர்ந்து சண்டையிலிருந்த ஒரு பிரிவைச் சில நாளுக்குப் பின்தளத்துக்குக் கூட்டி வருவார்கள். பாதுகாப்பான இடம். குளியல், புது உடுப்பு, சூடான சாப்பாடு, மருத்துவர், வீட்டிலிருந்து வந்த கடிதங்கள், தூக்கம். இதற்கு ராணுவத்தில் ஸ்டாண்ட் டவுன் என்று பெயர். ஊருக்கு வந்த பிறகும் இந்த ஆட்கள் இன்னும் காட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஓய்வை இங்கே, ஊர் நடுவில் கொடுத்தால் என்ன?

1988 கோடையில் அதைச் செய்தார்கள்.

இடம், நகர மையத்தை ஒட்டிய சான் டியேகோ உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு மைதானம். ராணுவக் கூடாரங்கள் வரிசையாக எழுந்தன. மூன்று பகல், இரண்டு இரவு. வந்தவர்களைக் கூடாரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு தலைவரை வைத்தார்கள். இதில்தான் அவர்களுடைய கூர்மை தெரிகிறது. உணவு வரிசை நடத்த எந்தத் தொண்டு நிறுவனத்துக்கும் தெரியும். தெருவில் யாரோடும் ஒட்டாமல் இருந்த ஒருவனை மறுபடி ஒரு கூடாரத்தின் ஆளாக ஆக்குவது வேறு வேலை. பக்கத்துக் கட்டிலில் இருப்பவனும் அங்கே போய் வந்தவன். இரவில் விளக்கம் சொல்லாமலே அவனோடு பேசலாம். பேசாமலும் இருக்கலாம்.

மைதானத்துக்கு ஊரே வந்தது. முடி வெட்டுபவர்கள், பல் மருத்துவர்கள், செவிலியர், வேலைவாய்ப்புத் துறை, ஓய்வூதிய விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர்கள், குடியை விட்டவர்களின் குழுக்கள், வழக்கறிஞர்கள். ஒரு நாள் வேலையில் ஐந்து அலுவலகங்களுக்கு அலைந்து, ஐந்திலும் அடையாள அட்டை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரால், இங்கே ஒரே புல்வெளியில் ஐந்து பேரையும் பார்க்க முடிந்தது. அலுவலகம் மேசையோடு எழுந்து அவரிடம் வந்தது. தன்னார்வலர்களால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது என்று நான் நினைக்கிறேன். ஒரு துறை இன்னொரு துறையின் மேசைக்குப் பக்கத்தில் தானாகப் போய் உட்காராது. ஊர்க்காரர்கள் கூப்பிட்டால் எல்லோரும் வருவார்கள்.

சுமார் 500 வீடற்ற வீரர்கள் அந்த மூன்று நாளில் வந்து தங்கினார்கள்.

* * *

முடிவதற்கு முன், அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. உங்களுக்கு இப்போது மிகவும் தேவைப்படுவது எது?

வீடு என்று சொல்வார்கள், வேலை என்று சொல்வார்கள், மருந்து என்று சொல்வார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 500 பேரில் 116 பேர், ஏறத்தாழ நான்கில் ஒருவர், வேறொன்றைச் சொன்னார்கள்.

எங்கள் மேல் வாரண்ட் இருக்கிறது. அதைத் தீர்த்துக் கொடுங்கள்.

கொலைக் குற்றமோ கொள்ளையோ இல்லை. பூங்கா பெஞ்சில் படுத்துத் தூங்கியது. பொது இடத்தில் குடித்தது. டிக்கெட் இல்லாமல் டிராலி ரயிலில் ஏறியது. சிக்னலைப் பார்க்காமல் சாலையைக் கடந்தது. வீடு உள்ளவன் வீட்டுக்குள் செய்தால் யாரும் கேட்காத காரியங்கள் இதில் பாதி.

இந்தச் சுழல் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். போலீஸ்காரர் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். இன்ன தேதியில் நீதிமன்றத்துக்கு வர வேண்டும். அந்தத் தேதியை எழுதி வைக்க அவனிடம் சுவர் இல்லை. நினைவூட்டுக் கடிதம் வர முகவரி இல்லை. நினைவு வைத்துப் போனாலும், அழுக்குத் துணியோடு, தன் உடைமை முழுவதையும் மூட்டையாகச் சுமந்துகொண்டு நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டும். மூட்டையை வெளியே வைத்தால் திரும்பி வரும்போது இருக்காது. உள்ளே போனால் அபராதம். அபராதம் கட்டக் காசில்லை. ஆகவே அவன் போகவில்லை.

போகாததால் பிடியாணை பிறக்கிறது. அதற்குப் பிறகு எந்தப் போலீஸ்காரர் பெயரைக் கேட்டாலும் சிறை. ஓரிரு நாள் வைத்து வெளியே விடுகிறார்கள். அதே தெரு, அதே பெஞ்ச், புதிய சீட்டு.

இதோடு முடியவில்லை. தீராத வாரண்ட் இருந்தால் ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. வேலைக்கு விண்ணப்பித்தால் பின்னணி விசாரணையில் மாட்டும். வாடகைக்கு வீடு கேட்டாலும் மாட்டும். அரசு உதவிகளுக்கும் அது தடை. நடைபாதையிலிருந்து எழுந்து நிற்க நினைப்பவனைக் கீழே பிடித்து வைத்திருந்த கயிறு அந்தச் சீட்டு.

போரில் எல்லாப் பயத்தையும் பார்த்த மனிதர்கள், ஓர் எழுத்தர் மேசைக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்தார்கள். இது யாருடைய கண்ணிலும் அதுவரை படவில்லை. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. அந்த 116 பதில்களைத்தான் இந்தத் தொடரின் மிக முக்கியமான திருப்பங்களில் ஒன்றாக நான் கருதுகிறேன்.

* * *

ஸ்டீவ் பைண்டர் என்பவர் சான் டியேகோவில், கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்காக அரசுச் செலவில் வாதாடிய வழக்கறிஞர். அவர் யோசித்தது இதுதான்: வாரண்ட்டுக்குப் பயந்து ஒளிபவர்கள் நீதிமன்றத்துக்கு வரமாட்டார்கள். அப்படியானால் நீதிமன்றம் அவர்களிடம் போக வேண்டும்.

சொல்வது சுலபம். நீதிபதி, அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு, எழுத்தர், கோப்புகள் எல்லாம் கட்டடத்தை விட்டு வெளியே வர வேண்டும். வாரண்ட் உள்ள ஒருவன் நீதிபதியின் எதிரே வந்து நின்றால், சட்டப்படி அவனைப் பிடித்து உள்ளே வைக்கலாம். பிடிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையை யார் கொடுப்பது? ஏமாற்றங்களையே பார்த்த ஆட்கள் அதை எப்படி நம்புவார்கள்?

நம்பினார்கள். நம்பச் சொன்னவர்கள் அவர்களுடைய ஆட்கள் என்பதால்.

1989ஆம் ஆண்டு ஸ்டாண்ட் டவுன். அதே பள்ளி. மைதானத்தை ஒட்டிய ஹேண்ட்பால் ஆடுகளத்தில், திறந்த வெளியில், நீதிமன்றம் கூடியது. அங்கி அணிந்த நீதிபதி. எதிரே கூடாரங்களிலிருந்து நடந்து வந்த மனிதர்கள். குளித்திருந்தார்கள், முடி வெட்டியிருந்தார்கள், சுத்தமான சட்டை போட்டிருந்தார்கள். மூட்டையைத் தோழன் பார்த்துக்கொண்டான்.

பெயர் அழைக்கப்படுகிறது. முன்னே வருகிறார். வழக்கைப் படிக்கிறார்கள். அபராதமும் சிறையும் தருவதற்குப் பதிலாக, குடியிலிருந்து மீள்வதற்கான கூட்டங்களில் கலந்துகொள்வது, ஆலோசனை பெறுவது, தொண்டு வேலை செய்வது ஆகியவை தண்டனையாக ஏற்கப்பட்டன. வழக்கு முடிந்தது. வாரண்ட் நீங்கியது.

130 பேர். 451 வழக்குகள். ஆளுக்குச் சராசரியாக மூன்றரை.

1989 முதல் 1992 வரை நான்கு முகாம்களில் 942 வீரர்கள் 4,895 வழக்குகளிலிருந்து வெளியே வந்தார்கள். முதல் ஆண்டில் மூன்றரையாக இருந்த சராசரி இப்போது ஐந்தைத் தாண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் சீட்டுகளைச் சுமந்து ஒளிந்திருந்தவர்கள், நம்பிக்கை பரவப் பரவ வெளியே வந்தார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன்.

நீதிபதிக்கும் அது புதிய அனுபவமாகத்தான் இருந்திருக்க வேண்டும். வழக்கமாகத் தன் முன் இழுத்து வரப்படுபவர்களைப் பார்ப்பவர் அவர். இங்கே அவர்கள் தாங்களாக நடந்து வந்தார்கள்.

* * *

யோசனை பரவியது. ஸ்டாண்ட் டவுன் மற்ற ஊர்களுக்குப் போனது. காலப்போக்கில் அமெரிக்கா முழுக்க, சிறிய ஊர்களில்கூட, ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று உள்ளூர் ஆட்கள் நடத்தும் முகாமாக வேர்விட்டது. பொது மைதானம், தேவாலய மண்டபம் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே நடத்தினார்கள்.

வீடற்றோருக்கான நீதிமன்றம், வீரர்களைத் தாண்டி மற்றவர்களுக்கும் திறந்தது. 1999 அக்டோபரிலிருந்து சான் டியேகோவில் அது மாதந்தோறும், தங்கும் விடுதிகளுக்குள்ளேயே கூடத் தொடங்கியது. முறையும் மாறியது. முதலில் விடுதியில் சேர்ந்து, குடியை விட்டு, பயிற்சி முடித்து, அதற்கான கடிதத்தோடு நீதிபதி முன் வர வேண்டும். செய்து முடித்த முயற்சியே தண்டனையாகக் கணக்கிடப்படும். இனிமேல் செய்வேன் என்ற வாக்குறுதி அங்கே தேவைப்படவில்லை.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஏனென்றால் இந்த முகாம்களின் பலவீனம் அவற்றின் முதல் நாளிலேயே தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் மாலை கூடாரத்தைப் பிரித்தாக வேண்டும். சிலருக்குச் சிகிச்சை மையத்தில் படுக்கை கிடைக்கும், சிலருக்கு விடுதி. மற்றவர்கள்? சுத்தமான சட்டையோடு அதே தெருவுக்குத்தான் திரும்பினார்கள். முடி வெட்டி, பல் பிடுங்கி, கூடாரத் தோழனின் கையைப் பிடித்து விடைபெற்று, இருட்டுவதற்குள் படுக்க இடம் தேடிப் போனார்கள். அடுத்த ஆண்டு முகாமுக்கு அவர்களே மறுபடி வந்தார்கள். நடத்தியவர்களுக்கு இது தெரியாததல்ல. தெரிந்துதான் ஆண்டுதோறும் கூடாரம் அடித்தார்கள்.

வீடு கட்டிக் கொடுக்கும் சக்தி தன்னார்வலர்களுக்குக் கிடையாது. அது அரசின் கடமை, அரசால்தான் முடியும். 1992இல் சிறிதாகத் தொடங்கி 2008க்குப் பிறகு பெரிதாக விரிந்த வாடகை உதவித் திட்டம் அதைச் செய்துகாட்டியது. ஜனவரி மாதத்தில் ஓர் இரவு எடுக்கப்படும் கணக்கெடுப்பின்படி, 2010இல் வீடற்ற முன்னாள் வீரர்கள் 74,000க்கும் மேல். 2024இல் 32,882. பாதிக்கும் கீழே.

ஆனால் வீடு கிடைத்த பிறகும் சிலர் கீழே விழுந்தார்கள். இராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் புதிய தலைமுறை திரும்பி வந்துகொண்டிருந்தது. இவர்களுடைய வழக்குகள் பெஞ்சில் தூங்கியதற்காகப் போட்ட சீட்டுகள் அல்ல. போதைப்பொருள், அடிதடி, திருட்டு. சான் டியேகோ மைதானத்தின் மருந்து இதற்குப் போதாது. மூன்று நாளைக்கு ஒரு தோழனைக் கொடுக்கலாம். வருடம் முழுக்க யார் கூட நிற்பது?

நாட்டின் மறுகோடியில், கனடா எல்லையை ஒட்டிய பஃபலோ நகரில், ராபர்ட் ரஸல் என்ற நீதிபதியின் முன் வியட்நாம் வீரர் ஒருவர் குனிந்த தலையோடு நின்றார். சிகிச்சை எதுவும் பலிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு வாயே திறக்கவில்லை. நீதிபதி, தன் நீதிமன்றத்தோடு சேர்ந்து வேலை செய்த முன்னாள் படைவீரர்கள் இரண்டு பேரை அழைத்தார். இவரைக் கூடத்துக்கு வெளியே அழைத்துப் போய்ப் பேசிப் பாருங்கள் என்றார்.

சற்று நேரத்தில் மூவரும் உள்ளே திரும்பினார்கள். போனவர் வேறு, வந்தவர் வேறு. நிமிர்ந்து நின்றார். நீதிபதியை நேராகப் பார்த்தார்.

அந்த வராந்தாவில் அந்த மூவருக்குள் என்ன நடந்தது? ஒரு நீதிபதி அதிலிருந்து 2008இல் ஒரு புதிய நீதிமன்றத்தையே எப்படி உருவாக்கினார்? அடுத்த வாரம் பஃபலோவுக்குப் போவோம்.

(தொடரும்)